ஒருவருக்கான பணம்தான் இருக்கிறது: மாநாடா, உரைப் பதிவுகளா, பயிற்சியா?

ஆண்டுதோறும் நிதி ஒதுக்கீடு பற்றிப் பேச்சு எழும் வேளையில்தான் தேசிய சைபர் பாதுகாப்பு மாநாட்டின் அழைப்பும் வந்து சேர்கிறது. முன்பதிவுச் சலுகை முடியும் தேதி அதில் தடித்த எழுத்தில் இருக்கும். முடிவெடுக்க இரண்டு வாரம்கூட மிஞ்சாது. எங்களுடையது நான்கு பேர் கொண்ட சிறிய பாதுகாப்புக் குழு. வெளியே சென்று கற்பதற்காக எங்களுக்கு ஒதுக்கப்படும் தொகை, ஒருவரை மாநாட்டுக்கு அனுப்பவோ அல்லது ஒருவரைப் பயிற்சி வகுப்பில் சேர்க்கவோதான் போதும். கடந்த சில ஆண்டுகளில் இந்த முடிவை மூன்று விதமாகவும் எடுத்திருக்கிறேன்: ஓராண்டு நானே சென்றேன், ஓராண்டு யாரும் போகாமல் உரைப் பதிவுகளைப் பார்த்துக்கொண்டோம், ஓராண்டு அந்தப் பணத்தைப் பயிற்சிக்குக் கொடுத்தோம். ஒவ்வொன்றிலும் எது கிடைத்தது, எது கைநழுவிப் போனது என்பதை, இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் பிற குழுக்களுக்காக எழுதுகிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழுவுக்கு அறிவு போதவில்லை என்றால் பதிவுகளே போதும். கைத்திறன் போதவில்லை என்றால் பயிற்சிக்குச் செலவிட வேண்டும். தாக்குதல் நடக்கும் நேரத்தில் யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்று தெரியாமல் இருந்தால், மாநாட்டுக்கு நேரில் போயே ஆக வேண்டும். அந்தக் குறையை வேறு எதனாலும் ஈடுசெய்ய முடிந்ததாக நான் பார்க்கவில்லை. இந்த மூன்று குறைகளில் தங்களுடையது எது என்று கேட்டுக்கொள்ளாமலே பெரும்பாலான குழுக்கள் முடிவெடுத்துவிடுகின்றன என்பதுதான் என் கவலை.

ஒரு தேசிய மாநாடு என்பது ஒரே கூரையின் கீழ் நடக்கும் மூன்று நிகழ்ச்சிகள் என்றுதான் சொல்ல வேண்டும். மேடையில் உரைகள் நடக்கின்றன. கண்காட்சி அரங்கில் நிறுவனங்கள் தங்கள் பொருள்களை வைத்திருக்கின்றன. இவை இரண்டுக்கும் நடுவில் உள்ள நடைகூடத்தில் மனிதர்கள் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். போவதா வேண்டாமா என்று கணக்குப் போடும்போது நாம் முதலாவதை மட்டுமே எடைபோடுகிறோம். அதை மட்டும் எடைபோட்டால் பதிவுகளே வெல்லும்.

மேடையும் அதன் பதிவுகளும்

தொழில்நுட்ப உரைகளைப் பொறுத்தவரை, பதிவைப் பார்ப்பதே நேரில் கேட்பதைவிடச் சிறந்த வழி என்று தயங்காமல் சொல்வேன். 1993 முதல் லாஸ் வேகாஸில் நடந்துவரும் டெஃப் கான் மாநாட்டின் உரைகள் யூடியூபில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஜெர்மனியில் 1984 முதல் நடைபெறும் கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் என்ற ஹேக்கர் மாநாடு தன் உரைகளைத் தன்னுடைய தளத்திலேயே பதிவேற்றிவிடுகிறது. உலகின் தலைசிறந்த ஆய்வாளர்கள் பேசியவை இவை. 2015இல் சார்லி மில்லர், கிறிஸ் வலாசெக் ஆகிய இருவரும் ஒரு ஜீப் காரை இணையம் வழியாகத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்திக் காட்டிய ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விளைவாக 14 லட்சம் வாகனங்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்த ஆய்வை முழுமையாகப் புரிந்துகொள்ள விரும்பியவருக்கு, அவர்கள் வெளியிட்ட விரிவான ஆய்வறிக்கையும் உரைப் பதிவும் போதுமானவையாக இருந்தன. அரங்கில் இருந்தவர் அதற்கு மேல் ஒரு வரிகூடக் கூடுதலாகக் கற்றிருக்க வாய்ப்பில்லை.

காரணம் எளிமையானது. அரங்கில் ஒரு நிரல்துண்டு திரையில் பத்து வினாடி நிற்கிறது. அதைப் படித்து முடிக்கும் முன்பே அடுத்த திரை வந்துவிடுகிறது. பதிவிலோ அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, ஒரு மெய்நிகர் கணினியைத் திறந்து, பேச்சாளர் செய்ததை நாமே செய்து பார்க்கலாம். ஐம்பது நிமிட உரை ஒன்றுக்கு நான் மூன்று மாலைகள் செலவிட்டிருக்கிறேன். மூன்றாவது மாலைதான், அவர் போகிற போக்கில் சொன்ன ஓர் அமைப்பு எங்கள் சர்வர்களிலும் அப்படியே இருக்கிறது என்பது பிடிபட்டது. அரங்கில் அமர்ந்து கேட்டிருந்தால் கைதட்டிவிட்டு எழுந்து வந்திருப்பேன்.

ஆனால் பதிவுகளுக்கு இரண்டு பெரிய குறைகள் உண்டு. முதலாவது, அவை எப்போதும் நாளைக்கு என்றே ஒத்திப்போடப்படுகின்றன. யாரும் போகாத அந்த ஆண்டில் நாங்கள் இருபத்திரண்டு உரைகளைக் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்தோம். ஆறு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தபோது நால்வரும் சேர்ந்து பார்த்து முடித்தவை ஐந்துதான். நேரலையாகப் பார்ப்பதும் இதே கதைதான்: இருக்கையில் இருக்கும் ஒருவரை யாரும் மாநாட்டில் இருப்பவராக நினைப்பதில்லை, பாஸ்வேர்டு மறந்தவர் வந்து நிற்பார், ஃபயர்வால் விதி ஒன்றைத் திறந்துவிடச் சொல்லித் தொலைபேசி ஒலிக்கும். எனவே பதிவுகளைத் தேர்ந்தெடுக்கும் குழு, மாநாட்டுக்குச் சென்றால் எத்தனை வேலை நாள் போகுமோ அத்தனை நாளை நாள்காட்டியில் ஒதுக்கி, அந்த நாள்களில் வழக்கமான பணியிலிருந்து விடுவிக்கப்பட வேண்டும். பணம் செலவில்லாத வழி என்பதால் நேரமும் செலவில்லாத வழி என்று மேலிடம் எண்ணிக்கொள்வதுதான் இந்தத் தேர்வு தோற்பதற்கு முதல் காரணம்.

இரண்டாவது குறை இதைவிட ஆழமானது. நமக்கு மிகவும் தேவைப்படும் உரைகள் பதிவாவதே இல்லை. தாக்குதலுக்கு உள்ளான ஒரு நிறுவனத்தின் பொறியாளர், எந்த இடத்தில் தவறினோம் என்று தம் துறையினர் முன் சொல்லும் அமர்வுகளில் கேமராவுக்கு இடமில்லை. 1927இல் வகுக்கப்பட்ட சாத்தம் ஹவுஸ் விதியின்படி சில அமர்வுகள் நடக்கும். கேட்டதைப் பயன்படுத்தலாம், யார் சொன்னார் என்பதை வெளியிடக் கூடாது. சில அமர்வுகளுக்குப் போக்குவரத்து விளக்கு நெறிமுறை பொருந்தும்; கேட்டதை எவ்வளவு தூரம் பகிரலாம் என்பதை அது நிறத்தால் குறிக்கிறது. சிவப்பு என்றால் அறையில் இருப்பவருக்கு மட்டும். மஞ்சள் என்றால் தேவைப்படுவோருக்கென்று தம் நிறுவனத்துக்குள் கொண்டுசெல்லலாம். பச்சை என்றால் துறைச் சமூகத்துக்குள் பகிரலாம். இந்த நெறிமுறையைப் பேணிவரும், பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் குழுக்களின் உலகளாவிய கூட்டமைப்பான ஃபர்ஸ்ட் அமைப்பு 2022 ஆகஸ்டில் அதன் இரண்டாம் பதிப்பை வெளியிட்டது. ஆகவே ஒரு மாநாட்டின் நிகழ்ச்சி நிரலில் இத்தகைய மூடிய அமர்வுகள் இருக்கின்றனவா என்று பார்ப்பது, போவதா வேண்டாமா என்ற முடிவுக்கு மிகவும் உதவும். எல்லா உரைகளும் பதிவாகி வெளியிடப்படும் மாநாடு என்றால், மேடைக்காக அங்கே போக வேண்டியதில்லை.

நடைகூடத்தில் கிடைப்பது

நேரில் செல்வதற்கு ஆதரவாக நான் வைக்கும் வாதம் முழுவதும் இதைச் சார்ந்தே இருக்கிறது. ஆகவே சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

1988 நவம்பர் 2ஆம் தேதி மாரிஸ் புழு என்ற, தானாகவே கணினிக்குக் கணினி தாவும் நிரல் இணையத்தில் பரவத் தொடங்கியது. சுமார் 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிடப்பட்டது. அன்றைய இணையத்தின் அளவுக்கு அது மிகப் பெரிய எண்ணிக்கை. பல நிறுவனங்கள் அச்சத்தில் தங்கள் இணைப்பையே துண்டித்துக்கொண்டன. அதனால் நேர்ந்த கேடு என்னவென்றால், தீர்வு கண்டவர்களின் செய்தியும் அவர்களைச் சென்றடைய வழியில்லாமல் போனது. புழுவைத் தடுப்பது எப்படி என்று அன்றிரவே எழுதி அனுப்பப்பட்ட ஒரு குறிப்பு, வலையமைப்பு அடைபட்டுக் கிடந்ததால் பலரை உரிய நேரத்தில் எட்டவே இல்லை. மின்னஞ்சல் முகவரி வழியாக மட்டுமே ஒருவரையொருவர் அறிந்திருந்தவர்கள் மின்னஞ்சல் நின்றதும் தனித்தனியாக நின்றார்கள். அந்த மாதமே கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், கணினி அவசரநிலைகளைக் கையாளும் குழுவான செர்ட் ஒருங்கிணைப்பு மையம் அமைக்கப்பட்டதும், 1990இல் இத்தகைய குழுக்களை ஒன்றிணைக்க ஃபர்ஸ்ட் அமைப்பு உருவானதும் இந்தப் பாடத்தின் தொடர்ச்சியே.

இருபது ஆண்டு கழித்து இதன் மறுபக்கம் நடந்தது. இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டி.என்.எஸ். அமைப்பில் ஓர் அடிப்படைக் கோளாறு இருப்பதை டான் காமின்ஸ்கி 2008இல் கண்டறிந்தார். அதைத் தவறாகப் பயன்படுத்தினால், வங்கியின் முகவரியைச் சரியாகத் தட்டச்சு செய்தவரையும் திருடனின் தளத்துக்குக் கொண்டுபோய்விடலாம். அவ்வாண்டு மார்ச் 31ஆம் தேதி மைக்ரோசாஃப்டின் ரெட்மாண்ட் வளாகத்தில் 16 பேர் நேரில் கூடிப் பேசினார்கள். ஒருவருக்கொருவர் போட்டியாளர்களான நிறுவனங்கள் ஜூலை 8ஆம் தேதி ஒரே நாளில், கோளாறைச் சரிசெய்யும் பேட்ச்களை வெளியிட்டன. அதுவரை அந்த ரகசியம் காக்கப்பட்டது. விவரங்களை அவர் ஆகஸ்டில் பிளாக் ஹாட் மாநாட்டின் மேடையில் சொல்வதாக இருந்தது. ஜூலை 21ஆம் தேதியே அது என்ன கோளாறு என்பது வெளியில் கசிந்துவிட்டது. அதற்குள் பேட்ச் கைக்கு வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வாரத்தைச் சம்பாதித்துத் தந்தது, ஒருவரையொருவர் ஏற்கெனவே அறிந்திருந்த சிலர் ஓர் அறையில் அமர்ந்து பேச முடிந்ததுதான்.

நம்மைப் போன்ற சிறிய குழுக்களுக்கு அந்த அளவிலான அறைகள் வாய்ப்பதில்லை என்பது உண்மைதான். எனினும் அதே விதி சிறிய அளவிலும் செயல்படுவதை நான் கண்டிருக்கிறேன். நான் சென்ற ஆண்டில், இரண்டாம் நாள் இடைவேளையில், ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவைச் சேர்ந்த ஒருவரோடு சுவரோரம் நின்று பேசிக்கொண்டிருந்தேன். தங்கள் இடத்தில் நடந்த, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலைப் பற்றி முதலில் பொதுவாகச் சொன்னவர், சிறிது நேரத்தில் மாநாட்டு நிரல் தாளைத் திருப்பிப் போட்டு, அதன் பின்புறத்தில் ஒரு நேரக்கோடு வரைந்தார். அதிகாலை 2:10க்குப் பேக்கப் மென்பொருளின் சேவைக் கணக்கு (மனிதர் அல்லாமல் மென்பொருளே பயன்படுத்தும் கணக்கு) ஒரு புதிய கணினியிலிருந்து உள்நுழைந்திருக்கிறது. அந்தக் கணக்கு ஒவ்வோர் இரவும் உள்நுழைவதுதான் என்பதால் யாருக்கும் எச்சரிக்கை போகவில்லை. 2:40க்குப் பேக்கப்புகள் அழிக்கப்பட்டிருக்கின்றன. கோப்புகளைப் பூட்டும் குறியாக்கம் தொடங்கியது அதற்குப் பிறகுதான். “பேக்கப் சர்வரையும் மற்ற சர்வர்கள் இருக்கும் அதே டொமைனில் சேர்த்து வைத்திருந்தோம்” என்று சொல்லி, பேனாவால் அந்த 2:10ஐ இரண்டு முறை வட்டமிட்டார். டொமைன் என்பது ஒரே நிர்வாகக் கணக்குகளால் ஆளப்படும் கணினிகளின் தொகுப்பு; அந்தக் கணக்குகளைப் பிடித்தவருக்குப் பேக்கப்பும் எட்டிவிடும்.

பேக்கப்புகளை முதலில் அழித்துவிட்டுப் பிறகு கோப்புகளைப் பூட்டுவது ரான்சம்வேர் கும்பல்களின் வழக்கம் என்பது நான் ஏற்கெனவே படித்திருந்ததுதான். ஆனால் படித்தபோது நான் எழுந்து போய் எதையும் சரிபார்க்கவில்லை. அன்று மாலையே எங்கள் குழுவினரைத் தொலைபேசியில் அழைத்து எங்கள் பேக்கப் சர்வர் எந்த டொமைனில் இருக்கிறது என்று கேட்டேன். எங்களுடையதும் அதே நிலையில்தான் இருந்தது. அடுத்த மாதத்துக்குள் அதைப் பிரித்தெடுத்து, தனிக் கணக்குகள் கொடுத்து, ஒரு பிரதியை வலையமைப்பிலிருந்து முழுவதுமாகத் துண்டித்து வைத்தோம். சேவைக் கணக்குகள் வழக்கத்துக்கு மாறான கணினியிலிருந்து நுழைந்தால் எச்சரிக்கை எழும்படி ஒரு விதியும் எழுதினோம். அவர் வட்டமிட்டுக் காட்டிய அந்த நேரம் எந்த மேடையிலும் வந்திருக்காது. எந்த அறிக்கையிலும் அச்சாகியிருக்காது.

இதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. இத்தகைய பேச்சு முதல் நாளிலேயே நடந்துவிடுவதில்லை. விசிட்டிங் கார்டு மாற்றிக்கொள்வதால் நம்பிக்கை பிறப்பதுமில்லை. அவர் என்னிடம் மனம்திறந்து பேசியதற்குக் காரணம், எங்களிடம் நடந்த, போலி மின்னஞ்சலால் ஏமாற்றும் ஒரு ஃபிஷிங் சம்பவத்தை முந்தைய நாள் நான் மறைக்காமல் சொன்னதுதான் என்று நினைக்கிறேன். ஒரே முகத்தை இரண்டாம் ஆண்டும் பார்க்கும்போதுதான் தொலைபேசி எண் உண்மையில் பயன்படத் தொடங்குகிறது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வெவ்வேறு ஆளை அனுப்பும் குழுவுக்கு நடைகூடத்தால் பெரிய பயன் இருக்காது. எனவே நேரில் செல்வதைத் தேர்ந்தெடுப்பவர்கள், அதே ஆளை இரண்டு அல்லது மூன்று ஆண்டு தொடர்ந்து அனுப்பும் செலவையே ஒரு கணக்காகப் போட வேண்டும். அந்தத் தொகை கட்டுப்படியாகாது என்றால் ஒருமுறை மட்டும் போய்வருவதைவிட வேறு வழிகளை நாடுவது நல்லது.

சர்வதேச மாநாடுகளைவிடத் தேசிய மாநாடு நமக்குக் கூடுதலாகப் பயன்படுவதும் இந்த இடத்தில்தான். தாக்குதலை யாரிடம், எத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. இந்தியாவில் அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட ஆணை 6 மணி நேரம் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் என்.ஐ.எஸ். 2 என்ற சைபர் பாதுகாப்பு நெறியுரையோ 24 மணி நேரத்துக்குள் முதல் எச்சரிக்கையும் 72 மணி நேரத்துக்குள் முறையான அறிவிப்பும் ஒரு மாதத்துக்குள் இறுதி அறிக்கையும் கேட்கிறது. அந்த 6 மணி நேரம் எந்த நொடியிலிருந்து தொடங்குகிறது, சந்தேகம் வந்ததிலிருந்தா, உறுதியானதிலிருந்தா என்பது போன்ற கேள்விகளை, விதியை எழுதிய அலுவலகத்தைச் சேர்ந்தவரிடமே நேரில் கேட்க முடிகிற இடம் தேசிய மாநாடுதான். மின்சாரம், வங்கி, தொலைத்தொடர்பு, மருத்துவம் என்று ஒரே சட்டத்துக்கு உட்பட்டவர்கள் அத்தனை பேரும் அங்கே கூடுகிறார்கள். அவர்கள் ஏற்கெனவே பட்ட அனுபவம் நமக்கு அப்படியே பொருந்தும்.

கண்காட்சி அரங்கும் இலவசப் பேட்ஜும்

கண்காட்சிக்கு மட்டுமான இலவசப் பேட்ஜ் பல மாநாடுகளில் தரப்படுகிறது. அதை வைத்துக்கொண்டு போய்வந்துவிட்டு மாநாட்டுக்குச் சென்றதாகக் கணக்கு எழுதுவது சரியாகாது. அந்தப் பேட்ஜின் க்யூ.ஆர். குறியீடு ஒவ்வொரு கடையிலும் ஸ்கேன் செய்யப்படும். அதற்குப் பிறகு பல மாதங்களுக்கு விற்பனை அழைப்புகள் வந்துகொண்டே இருக்கும். எனினும் அடுத்த சில மாதங்களில் ஒரு பொருளை வாங்கப்போகிறீர்கள் என்றால், போட்டி நிறுவனங்கள் அனைத்தையும் ஒரே நாளில் கேள்வி கேட்க அதைவிடச் சிறந்த இடம் கிடையாது. உங்கள் பொருளிலேயே ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் வாடிக்கையாளருக்கு எப்படி, எத்தனை நாளில் சொல்கிறீர்கள் என்ற கேள்வியை நான் எல்லாரிடமும் கேட்பேன். கணினியில் நடப்பதைக் குறித்துவைக்கும் லாக்களைக் கூடுதல் கட்டணமில்லாமல் வெளியே எடுக்க முடியுமா என்பதையும் கேட்பேன். முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லத் தெரியாதவரிடம் விலைப்பட்டியல் வாங்குவதில்லை.

மேடையிலும் சில உரைகள் புரவலர்களுக்கு விற்கப்பட்டவையாக இருக்கும். நிகழ்ச்சி நிரலில் பேச்சாளரின் பதவியைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். உரைகளைத் தேர்ந்தெடுக்க ஒரு நடுவர் குழு இருக்கிறதா, அதில் யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். சென்ற ஆண்டின் நிரலை எடுத்து, தாக்குதலைத் தாங்களே எதிர்கொண்டவர்கள் பேசியவை எத்தனை, பொருளை விற்பவர்கள் பேசியவை எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம்தான் ஆகும். இரண்டாவது எண்ணிக்கை பாதிக்கு மேல் என்றால் நான் அந்த மாநாட்டுக்குப் பணம் கட்டச் சொல்வதில்லை.

பயிற்சி வகுப்பு

மாநாடு யாருக்கும் கைத்திறனைக் கற்றுத் தருவதில்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஏனென்றால் புதிதாகச் சேர்ந்தவருக்கு ஊக்கமளிப்பதற்காக அவரை மாநாட்டுக்கு அனுப்பும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. கணினியின் நினைவகத்தில் தாக்குதலின் தடயத்தைத் தேடும் நினைவகத் தடயவியலைப் பற்றிய ஓர் உரையைக் கேட்டுவிட்டு வந்தவரால் ஒரு கணினியின் நினைவகப் பிரதியைப் பிரித்துப் பார்த்துவிட முடியாது. ஐந்து நாள் ஆய்வகப் பயிற்சியில் இருபது பிரதிகளைத் தன் கையால் பிரித்தவரால் முடியும். நாங்கள் பயிற்சிக்குச் செலவிட்ட ஆண்டில், லாக் பகுப்பாய்வு வகுப்புக்குப் போய்வந்தவர் திரும்பிய இரண்டாவது வாரமே எங்கள் எச்சரிக்கை விதிகளில் பாதியைத் திருத்தி எழுதினார். நாளுக்கு முந்நூறு வந்துகொண்டிருந்த பொய் எச்சரிக்கைகள் நாற்பதாகக் குறைந்தன. பயனை எண்ணிக் காட்ட முடிந்த ஒரே ஆண்டு அதுதான்.

பாதுகாப்புத் துறையின் தொழில்முறைச் சான்றிதழைத் தக்கவைத்துக்கொள்ளத் தேவைப்படும் புள்ளிகளுக்காகவே மாநாட்டுக்குச் செல்பவர்கள் இருக்கிறார்கள். சி.ஐ.எஸ்.எஸ்.பி. சான்றிதழுக்கு மூன்று ஆண்டில் 120 புள்ளிகள் தேவை, சி.ஐ.எஸ்.ஏ. சான்றிதழுக்கும் மூன்று ஆண்டில் 120, அதிலும் ஆண்டுக்குக் குறைந்தது 20. செக்யூரிட்டி பிளஸ் சான்றிதழுக்கு மூன்று ஆண்டில் 50. மாநாட்டில் அமர்ந்திருக்கும் நேரம் இதில் கணக்காகும் என்பது உண்மை. ஆனால் இலவச இணையவழி உரைகளும் கணக்காகும். ஆகவே புள்ளிகளைக் காரணம் காட்டி மாநாட்டுக்குப் பணம் கேட்பது வலுவான வாதமாகாது.

பல மாநாடுகளில் முதல் ஓரிரு நாள் தனிக் கட்டணத்தில் பயிலரங்குகள் நடக்கின்றன. இடம் குறைவு, சீக்கிரம் நிரம்பிவிடும். பணம் சற்றே இடம்கொடுத்தால் திறனையும் மனிதர்களையும் ஒரே பயணத்தில் பெற இதுவே நல்ல ஏற்பாடு. பயிலரங்கில் பக்கத்து மேசையில் இரண்டு நாள் உட்கார்ந்து ஒரே கணக்கோடு மல்லுக்கட்டியவர், நடைகூடத்தில் கைகுலுக்கியவரைவிட நெருக்கமானவராகிவிடுகிறார். கணினிகளை ஊடுருவியும் காத்தும், மறைத்துவைத்த ‘கொடி’ எனும் குறியைத் தேடிப் புள்ளி சேர்க்கும் கொடியைக் கைப்பற்றும் போட்டிகளுக்கும் இது பொருந்தும். டெஃப் கானில் அவை 1996 முதல் நடக்கின்றன, இன்று தேசிய மாநாடுகள் பலவும் அவற்றை நடத்துகின்றன. மாணவர்களுக்கு நான் மாநாட்டைப் பரிந்துரைப்பதே இந்தப் போட்டிகளுக்காகத்தான்.

சிறிய கூட்டங்களைப் பற்றியும் ஒரு சொல். 2009இல், பிளாக் ஹாட் மாநாட்டில் இடம் கிடைக்காத உரைகளுக்கு மேடை அமைத்துக் கொடுப்பதற்காக பிசைட்ஸ் என்ற கூட்டம் தொடங்கியது; இன்று உலகின் பல நகரங்களில் தன்னார்வலர்கள் அதே பெயரில் நடத்துகிறார்கள். கட்டணம் குறைவு, பேச்சாளரை உரை முடிந்ததும் பிடித்துவிடலாம். அரசு அலுவலர்களும் ஒழுங்குமுறை அமைப்பினரும் அங்கே வருவது அரிது என்பதுதான் குறை. தேசிய மாநாட்டுக்குத் தொடர்ந்து பணம் கிடைக்காத குழுவுக்கு, எட்டும் தொலைவில் இப்படி ஒன்று நடந்தால் அதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும்.

யாரை அனுப்புவது, யார் இங்கே இருப்பது

நேரில் செல்வது என்று முடிவானால், போகிறவர் வழக்கமாகத் தலைவராகத்தான் இருப்பார். அந்த ஆண்டில் நானும் அப்படித்தான் சென்றேன். இப்போது எண்ணிப் பார்க்கும்போது, அந்த வாய்ப்பு அன்றாடம் லாக் பார்ப்பவருக்குப் போயிருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது. அந்த மருத்துவமனைப் பொறியாளர் வரைந்த நேரக்கோட்டைப் பார்த்து நான் கேட்ட கேள்விகளைவிட, இரவுப் பணியில் அத்தகைய உள்நுழைவுகளை நாளும் பார்ப்பவர் கூர்மையாகக் கேட்டிருப்பார். தாக்குதல் நடக்கும் நள்ளிரவில் மற்றவரைத் தொலைபேசியில் அழைக்கப்போவதும் அவர்தான். நட்பும் அவருடையதாக இருப்பதே நியாயம். தலைவர் செல்ல வேண்டியது சட்டமோ அறிவிப்பு விதியோ மாறும் ஆண்டில் மட்டும்.

பதிவுக் கட்டணம், பயணம், தங்குமிடம் ஆகியவற்றைக் கூட்டிப் பார்க்கும்போது, நான்கு பேர் குழுவில் ஒருவர் மூன்று நாள் இல்லாமல் போவதையும் ஒரு செலவாக எழுத வேண்டும். ஆள் குறைவாக இருக்கும் நாளைத் தாக்குபவர்கள் காத்திருந்து தேர்ந்தெடுப்பதுண்டு. பல நிறுவனங்களின் கணினிகளைத் தொலைவிலிருந்து நிர்வகிக்க உதவும் கசேயா மென்பொருள் வழியாக நடந்த ரான்சம்வேர் தாக்குதல் 2021 ஜூலை 2ஆம் தேதி, அமெரிக்க சுதந்திர தினத்தை ஒட்டிய நீண்ட வார இறுதி தொடங்கும் வெள்ளிக்கிழமையன்று வெடித்தது. எங்கள் துறையினர் பாதிப்பேர் ஒரே ஊரில் கூடியிருக்கும் நாள்களும் அத்தகைய நாள்களே. போகிறவரின் பணியை யார் பார்ப்பார், அவரை எந்த நிலைமையில் மட்டும் அழைக்கலாம் என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ளாமல் நாங்கள் இனி யாரையும் அனுப்பப்போவதில்லை.

போகிறவர் அலுவலகத் தரவு எதுவும் இல்லாத மடிக்கணினியை எடுத்துச் செல்வதும், அரங்கின் பொது வைஃபையைத் தொடாமல் இருப்பதும் நல்லது. டெஃப் கானில் குறியாக்கம் இல்லாமல் அனுப்பப்பட்ட பாஸ்வேர்டுகளைப் பிடித்து, ஒரு பகுதியை மறைத்து, திரையில் காட்டும் வழக்கமே இருக்கிறது. அங்கே கூடுகிறவர்கள் அனைவரும் இந்தத் தொழில் தெரிந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது. திரும்பி வந்தவர் ஒரு வாரத்துக்குள் மற்ற மூவரோடும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, கேட்டவற்றில் பகிரத் தக்கவற்றைச் சொல்லி, எங்கள் அமைப்பில் மாற்ற வேண்டிய ஒன்றையாவது அந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்ய வேண்டும் என்றும் விதி வைத்திருக்கிறோம்.

இந்த ஆண்டு எங்கள் குழுவின் குறை எது என்று நால்வரும் தனித்தனியாகத் தாளில் எழுதினோம். மூவர் மனிதர்கள் என்று எழுதினார்கள். சென்ற ஆண்டில் எங்களுக்கு வந்த ஒரு சந்தேகக் கோப்பைப் பற்றி விசாரிக்க ஒருவர்கூடத் தெரியாமல் இரண்டு நாள் தவித்தது எல்லாருக்கும் நினைவில் இருந்தது. ஆகவே பணம் மாநாட்டுக்குப் போகிறது; அடுத்த ஆண்டுக்கும் அதே ஆளுக்கென்று இப்போதே கேட்டு வைத்திருக்கிறோம். பதிவுகளுக்கென்று மற்ற மூவருக்கும் தலா இரண்டு வேலை நாள் ஒதுக்கப்பட்டிருக்கிறது. விண்ணப்பத்தில் நேற்று எழுதிய பெயர், இரவுப் பணியில் லாக் பார்க்கும் எங்கள் இளைய பொறியாளருடையது. அங்கே கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை எழுதித் தரச் சொன்னேன். முதல் கேள்வியாக அவர் எழுதியிருப்பது இது: தாக்குதலுக்குப் பின் பேக்கப்பிலிருந்து முழுவதையும் மீட்டெடுக்க, திட்டத்தில் எழுதியிருந்த நேரம் எவ்வளவு, உண்மையில் ஆன நேரம் எவ்வளவு?